புதுப்பிப்பு: சா கலோப்ரா ஏறியாச்சு

ஸ்பெயினின் மயோர்கா தீவில் இருக்கும் சா கலோப்ரா மலைச்சாலையில் சைக்கிளில் ஏற என்ன கியர் போடலாம், எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பின்சக்கரத்துக்கு 32 பல் உள்ள பெரிய பல்சக்கரம் போடச் சொன்னவர்களுக்கு முதலில் நன்றி. அது இல்லாமல் முடிந்திருக்காது.

ஏற்றம் சுமார் 9.5 கி.மீ., சராசரிச் சரிவு 7 சதவீதம். எண்ணைப் பார்த்தால் பயம் வராது. ஆனால் இந்தச் சாலை கடலோடு முடிந்துவிடுகிறது. அதனால் முதலில் மேலிருந்து இறங்கி, கால் ஆறிப்போன பிறகு அதே வழியில் ஏற வேண்டும். சில இடங்களில் சரிவு 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. பாறைகளுக்கு நடுவே காற்றும் இல்லை. சுண்ணாம்புக்கல்லில் பட்ட வெயில் முகத்தில் அடிக்கிறது.

உச்சிக்குச் சற்றுக் கீழே 'டை முடிச்சு' வளைவு. சாலை முழுசாகச் சுற்றி, தன் மேலேயே பாலமாகக் கடந்து போகிறது. 1930களில் இதை வடிவமைத்தவர் அந்தோனியோ பரியெத்தி. மலையைக் குடையாமல், அதன் போக்கிலேயே சாலையை வளைத்த அந்த மனுஷன் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

நேரம்: காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கினால், கொண்டை ஊசி வளைவுகளில் ஒதுங்க இடமே கிடைக்காது. தண்ணீரைக் கீழே துறைமுகக் கடைகளிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், ஏறும் வழியில் எதுவும் இல்லை.

அப்புறம், அடுத்து இதே தீவின் ஃபொர்மென்தோர் கலங்கரை விளக்கம். அங்கே போவதும் பரியெத்தி போட்ட சாலைதான். அங்கே காற்று எப்படி இருக்கும் என்று போனவர்கள் சொல்லுங்கள்.