2013 இலங்கை வடக்கு மாகாண சபைத் தேர்தல்: முகாம்களுக்கு நடுவே வாக்களித்தவர்களின் அனுபவங்கள்

முல்லைத்தீவிலிருந்து (வாக்களிப்பு நிலையத்தில் கடமை பார்த்தவர்):

2013 செப்டெம்பர் 21 பற்றி எழுதுகிறவர்கள் முடிவை மட்டுமே எழுதுகிறார்கள். 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு, 78 வீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகள், முதலமைச்சராக ஓய்வுபெற்ற நீதியரசர் சி.வி. விக்னேஸ்வரன். எல்லாம் சரி. அந்த வாக்குகள் பெட்டிக்குள் எப்படி வந்து விழுந்தன என்பதை அன்று அங்கே நின்றவர்கள் சொன்னால்தான் உண்டு. நான் தொடங்குகிறேன். கேள்விப்பட்டதை விட்டுவிட்டுக் கண்டதை எழுதுங்கள்.

போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமைக் கடைசியாக மூடியது 2012 செப்டெம்பரில்; அதாவது எங்கள் வாக்காளர்களில் பலர் ஊர் திரும்பி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கேப்பாப்பிலவு மக்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அவர்கள் காணியில் படைத் தலைமையகம் இருந்ததால் அவர்களைச் சீனியாமோட்டையில் கொண்டுபோய் இருத்தியிருந்தார்கள். மாகாணத்தின் ஆளுநர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜி.ஏ. சந்திரசிறி, முன்பு யாழ்ப்பாணத்தில் படைத் தளபதியாக இருந்தவர். ஊரில் பூப்புனித நீராட்டு விழா வைத்தாலும் பக்கத்து இராணுவ முகாமுக்கு ஒரு சொல் சொல்லவேண்டும். விளையாட்டுக் கழகத்துக்குப் பந்து தருவதும் அவர்கள்தான், கழகத் தலைவரை விசாரணைக்குக் கூப்பிடுவதும் அவர்கள்தான்.

என் நிலையம் ஒரு தகரக் கூரைப் பாடசாலை. வாசலில் நின்றால் முகாமின் காவலரண் தெரியும். காலையில் கட்சி முகவர்களுக்கு வெற்றுப் பெட்டியைக் காட்டிப் பூட்டி முத்திரை வைத்து ஏழு மணிக்குக் கதவைத் திறந்தபோதே வெளியே நீண்ட வரிசை. பெரும்பாலும் பெண்கள். தேர்தல் வரிசை என்றால் ஒரு சலசலப்பு இருக்கும், ஊர்ப் புதினம் இருக்கும். அன்று நிவாரண வரிசையில் நிற்பதைப்போல ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். அடையாள அட்டையைக் கேட்டபோது இடுப்பிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். மகனின் பாடசாலைக் காலத்துப் படம், செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, கடைசியில் தற்காலிக அடையாள அட்டை. "எது வேண்டுமோ அதை எடு மகன்" என்றார். எழுதுவினைஞர் பையன் அட்டையை மட்டும் எடுத்து எண்ணைப் பார்த்துவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக மடிப்புக் கலையாமல் பையில் வைத்துக் கொடுத்தான். வரிசை நீளமாக இருந்தும் பின்னால் நின்ற ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மறைப்புக்குள் போனவர் தலையை வெளியே நீட்டி, "ஒரு ஆளுக்கு மட்டும் விருப்பு வாக்குப் போட்டால் செல்லாமல் போகுமா?" என்று கேட்டார். செல்லும், மூன்று பேர்வரை போடலாம், அது உங்கள் விருப்பம் என்றேன். "ஒரு ஆளே போதும்" என்று மீண்டும் உள்ளே போனார்.

யாழ் மாவட்டத்தில் கூட்டமைப்பில் போட்டியிட்ட ஆனந்தி சசிதரனுக்கு 87,870 விருப்பு வாக்குகள் விழுந்தன என்று முடிவு வந்தபோது எனக்கு அந்தப் பொலித்தீன் பைதான் நினைவுக்கு வந்தது. அவருடைய கணவர், புலிகளின் அரசியல் பிரிவில் இருந்த எழிலன், போரின் இறுதியில் படையினரிடம் சரணடைந்து காணாமல்போனவர். விக்னேஸ்வரனுக்கு அடுத்தபடியாக அதிக விருப்பு வாக்குப் பெற்றவர் இவர்தான்.

இன்னொன்று. கடமையில் இருந்த பொலிஸ்காரர் தெற்கைச் சேர்ந்த நடுத்தர வயதுக்காரர். நல்ல மனிதர், முதியவர்களைக் கைபிடித்துப் படியேற்றினார். மத்தியானச் சாப்பாட்டின்போது என்னிடம், "இவ்வளவு வீதி போட்டுக் கொடுத்தும் ஏன் இவர்கள் முகம் இப்படி இருக்கிறது?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த தண்ணீர் கொண்டுவரும் ஐயா எனக்கு முன்னே பதில் சொல்லிவிட்டார்: "வீதி நல்ல வீதி சேர். அதிலேதான் நடந்து வந்து வாக்குப் போடுகிறோம்." பொலிஸ்காரர் சிரித்தார். புரிந்து சிரித்தாரா என்று தெரியாது.

வலிகாமம் வடக்கிலிருந்து:

நாங்கள் 1990இல் இடம்பெயர்ந்து அப்போதும் நலன்புரி நிலையத்தில் இருந்தவர்கள். முகாமில் பிறந்த என் தம்பிக்கு அதுதான் முதல் வாக்கு. அந்த வருடம்தான் எங்கள் பகுதியில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல்கள் ஒட்டினார்கள். உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. உரிமையாளர்களோ சைக்கிளில் போகும் தூரத்தில் முகாமில் இருந்து அந்த அறிவித்தலை வாசித்துக்கொண்டிருந்தோம். தேர்தல் நெருங்கியதும் எங்களைக் கண்டுபிடிப்பது ஒருவருக்கும் கடினமாக இருக்கவில்லை.

அரசாங்கக் கட்சியின் வெற்றிலைச் சின்னத்துக்கு வாக்குக் கேட்டு ஒரு கூட்டம் வந்தது. அதில் இருவர் ஒன்றும் பேசாமல் பின்னால் நின்றார்கள். சாதாரண உடுப்புத்தான், ஆனால் தலைமுடி வெட்டையும் சப்பாத்தையும் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மம்மா வாசலில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். துண்டுப் பிரசுரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "வெற்றிலை இல்லாமல் எனக்கு ஒரு பொழுதும் போகாது தம்பி, இந்த வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான்" என்றார். வந்தவர்களுக்குப் பெரிய சந்தோஷம். பின்னால் நின்றவர்களில் ஒருவர் கொப்பியில் ஏதோ குறித்தார். அவர்கள் ஒழுங்கையைத் தாண்டியதும் அம்மம்மா அந்தப் பிரசுரத்தில் சுண்ணாம்பை மடித்து வைத்தார்.

வாக்களிப்பு நாளன்று எங்கள் கொட்டகையில் வெற்றிலை போட்டவர் அவர் ஒருவர்தான், அதுவும் வாயில்.

கிளிநொச்சியிலிருந்து (முன்பள்ளி ஆசிரியை):

அப்போது எங்கள் மாவட்டத்தில் பல முன்பள்ளிகள் பாதுகாப்பு அமைச்சைச் சேர்ந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் இருந்தன. சம்பளம் அங்கிருந்துதான். வெளியில் இருப்பவர்கள் எங்களைக் குறைசொல்வார்கள். வீட்டில் உழைக்கும் ஆண் இல்லாத எத்தனை பேர் அந்தச் சம்பளத்தில் அடுப்பு மூட்டினார்கள் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

வாக்களிப்புக்கு ஒரு வாரம் முன்பு, செப்டெம்பர் 14 அன்று, ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிவரை ரயில் பாதையை ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச திறந்துவைத்தார். ரயிலைப் பார்க்க எனக்கும் ஆசைதான். சிறுவயதில் யாழ்தேவி பற்றிக் கதை கேட்டு வளர்ந்தவள். ஆனால் வெயிலில் நிறுத்திக் கொடி ஆட்டச் சொன்னால் ரயில் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன.

பிறகு ஒரு கூட்டம். வீட்டில் எத்தனை வாக்கு, பெயர், உறவுமுறை எல்லாம் எழுதித் தரச் சொன்னார்கள். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. நானும் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் வருமென்று நினைத்தேன். அவர் பூனையைக் காட்டி, "இதன் பெயரையும் எழுதியிருக்கலாமே, கணக்குக் கூடியிருக்கும்" என்றார். அன்றிரவு நாங்கள் எல்லோரும் சிரித்த சிரிப்பு, போருக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு.

கிளிநொச்சியின் நான்கு ஆசனங்களில் மூன்று கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்துக்குப் போனது. பட்டியலில் பெயர் எழுதியவர்களின் தொகையைப் பார்த்தால் அது நடந்திருக்கவே கூடாது. திங்கட்கிழமை பொறுப்பதிகாரி எங்களை வரிசையில் நிறுத்தி நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் சொன்னது இதுதான்: நாளையிலிருந்து எல்லோரும் எட்டு மணிக்கு முன்பு வரவேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

முதல் பதிவில் ஆனந்தியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வாக்களிப்புக்கு முதல்நாள், செப்டெம்பர் 20 அதிகாலை, சுழிபுரத்தில் அவருடைய வீடு தாக்கப்பட்டது. சீருடையில் வந்தவர்கள் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள், இராணுவம் மறுத்தது. வாக்களிப்பு நாள் விடிந்தால் கடைத்தெருவில் 'உதயன்' பத்திரிகை. தலைப்பு எழுத்து, நிறம், எல்லாம் அச்சு அசல். ஆனந்தி அரசாங்கக் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று செய்தி. போலிப் பத்திரிகை.

நான் அதைத் தேநீர்க் கடையில் கையில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் வழக்கமாக உதயனைக் கடைசிப் பக்கத்து மரண அறிவித்தலிலிருந்து வாசிப்பவர். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காசு வாங்காமல் பத்திரிகை போட்டுவிட்டுப் போனபோதே நினைத்தேன்" என்று சொல்லி வடை சுற்ற வைத்துவிட்டார். இவ்வளவு செலவழித்து அச்சடித்தவர்கள் அந்தச் சின்ன விடயத்தை யோசிக்கவில்லை.

மன்னாரிலிருந்து:

எல்லோரும் எழுதியதை வாசித்தேன். என்னுடைய கதை கொஞ்சம் வேறு, கோபிக்காதீர்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது நான் வாப்பாவின் தோளில் இருந்தவன். புத்தளத்தில் வளர்ந்தேன். திரும்பி வந்து, பிறந்த ஊரில் முதல்முறையாக வாக்களித்தது இந்தத் தேர்தலில்தான். சீருடையைக் கண்டால் உங்களுக்கு வருகிற நடுக்கம் எனக்கு வந்ததில்லை என்று சொன்னால் அது உண்மை. எனக்கு இருந்த பயம், பக்கத்து வீட்டுக்காரர் எங்களைத் திரும்பி வந்தவர்கள் என்று நினைக்கிறாரா, வந்து குடியேறியவர்கள் என்று நினைக்கிறாரா என்பது.

மன்னாரின் ஐந்து ஆசனங்களில் மூன்று கூட்டமைப்புக்கு, ஒன்று அரசாங்கத்துக்கு, ஒன்று முஸ்லிம் காங்கிரசுக்கு. முழு மாகாணத்திலும் அந்தக் கட்சிக்குக் கிடைத்த ஒரே ஆசனம் அது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அண்ணன் நாங்கள் விட்டுப்போன காணியின் எல்லைக்காரர். வாக்களித்து வெளியே வந்தபிறகு விரலில் மை காயும்வரை இருவரும் மரத்தடியில் நின்றோம். "உங்கள் கிணற்றைத் தூர்வாரித் தரட்டுமா?" என்று கேட்டார். அந்தத் தேர்தலில் எனக்குக் கிடைத்தது அந்தக் கிணறு.

வாக்களிக்காத ஒருவர்:

நானும் யாழ்ப்பாணம்தான். அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தின் கீழ் ஒரு சபை. அதன் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. இதற்காகவா நாங்கள் இவ்வளவு இழந்தோம் என்று வீட்டிலேயே இருந்தேன். வாக்களித்தவர்கள் 67 வீதத்துக்குச் சற்று மேல். மிச்சப் பேரையும் கணக்கில் வையுங்கள். ஜெனரல் 2015 ஜனவரியில் ஆட்சி மாறும்வரை ஆளுநர் கதிரையிலேயே இருந்தார். முதலமைச்சருக்கு ஒரு நிதியம் அமைக்கக்கூட அனுமதி கிடைக்கவில்லை. தேர்தலை வைத்ததே அந்த நவம்பரில் கொழும்பில் நடக்கவிருந்த பொதுநலவாய மாநாட்டுக்கு முகம் காட்டத்தான். அம்மம்மா கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அம்மம்மாவின் காணி அந்த வாக்கால் திரும்பி வந்ததா?

வலிகாமம் வடக்கிலிருந்து மீண்டும்:

வரவில்லை. காணி சபையின் கையிலும் இருக்கவில்லை என்று எங்களுக்கு அன்றே தெரியும். ஆனால் 2005 ஜனாதிபதித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். யாழ் மாவட்டத்தில் 1.2 வீதம்தான் வாக்களித்தது, அது எல்லோருடைய விருப்பமாக இருக்கவில்லை. அப்போது புலிகள் தரப்பில் போகாதே என்றார்கள். 2013இல் அரசாங்கத் தரப்பில் இன்னாருக்குப் போடு என்றார்கள். அம்மம்மா இரண்டு தரப்பையும் பார்த்தவர். நீங்கள் வீட்டில் இருந்தது உங்கள் சொந்த முடிவு என்றால் எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

முல்லைத்தீவிலிருந்து மீண்டும்:

வாக்களிக்காதவர் சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடு. அந்த மறைப்புக்குள் முகாம்காரர் வர முடியவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. வெளியே வந்தால் எல்லாம் பழையபடிதான். கண்காணிப்பாளர்களும் வந்தார்கள். பொதுநலவாயக் குழு ஒன்று, இந்தியாவின் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் என். கோபாலசுவாமி தலைமையில் தெற்காசியக் குழு ஒன்று. என் நிலையத்துக்கும் வெளிநாட்டவர் இருவர் வந்து, சிரமம் ஏதும் உண்டா என்று வரிசையில் நின்றவர்களிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்கள். எல்லோரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். முகாமிலிருந்து வந்து கேட்டவர்களுக்கும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. வடக்கில் மாகாண சபைத் தேர்தல் நடந்தது அந்த ஒரு தடவைதான். கடமைக்கு என்னோடு வந்த இளம் எழுதுவினைஞர்கள் இன்று தலை நரைத்த அதிகாரிகள்.

மூத்தவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். 1981 ஜூன் 4 அன்று நடந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில், யாழ் நூலகம் எரிந்து சில நாட்களுக்குள், வாக்களிக்கப் போனவர்களும் கடமை பார்த்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தெற்கிலிருந்து அதிகாரிகளைக் கொண்டுவந்து இருத்தியதையும் பெட்டிகளுக்கு நேர்ந்ததையும் நேரில் கண்டவர்கள் அடுத்ததாக எழுதுங்கள். தட்டச்சுத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள்.