ஆர்டினோ போர்டுல (நாமளே கோடு எழுதி ஏத்துற குட்டி சர்க்யூட் போர்டு) கோடு ஏறாம படுத்தின அனுபவம், உங்களுக்கு எப்படி?

#1
ஆர்டினோ நானோவோட குளோன் (வேற கம்பெனி நகல்), யூஎஸ்பிக்கு சிஹெச்340 சிப் வச்சது. பையனோட ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு முந்தின ராத்திரி பிளிங்க் (லைட்டை மினுக்க வைக்கிற சின்ன டெஸ்ட் கோடு) கூட ஏற மாட்டேங்குது. 'நாட் இன் சிங்க்'னு சிவப்பு எழுத்துல அட்டெம்ப்ட் 1-ல இருந்து 10 வரைக்கும் ஓடும், அப்படியே நின்னுடும். பையன் கண்ணுல தண்ணி. கடைசில டூல்ஸ் மெனுல ப்ராசஸரை 'ஓல்ட் பூட்லோடர்'னு மாத்தினதும் சட்டுனு ஏறிடுச்சு. பூட்லோடர்னா கம்ப்யூட்டர் அனுப்புற கோடை வாங்கி சிப்புல ஏத்துற குட்டி ப்ரோகிராம்; பழசு 57600 வேகத்துல பேசும், புதுசு 115200, அவ்ளோதான் விஷயம். ஆனா அந்த எரர் மெசேஜ் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாதது இன்னும் எனக்கு ஆறல. உங்க கதையையும் போடுங்க.

#2
கேபிளை மாத்துங்க முதல்ல. எனக்கு பவர்பேங்க் கூட வந்த கேபிள், போர்டுல லைட் எரியுது, ஐடிஇ-ல (கோடு எழுதி ஏத்துற சாஃப்ட்வேர்) போர்ட்டே இல்ல. அது வெறும் சார்ஜிங் கேபிள், உள்ள டேட்டா வயரே கிடையாது. யாரு கேட்டாலும் நான் கேபிள்னுதான் சொல்லுவேன்.

#3
#2 சொல்றதை ஒத்துக்க முடியல. போர்ட் லிஸ்ட்ல வந்துட்டா டேட்டா வயர் இருக்குன்னுதானே அர்த்தம்? #1க்கு போர்ட் வந்திருக்கு, அவர்கிட்ட போய் கேபிள் கேபிள்னா எப்படி. என் கேஸ்ல ஹெச்சி-05 ப்ளூடூத் மாட்யூல் 0, 1 பின்னுல மாட்டியிருந்துச்சு, கழட்டினதும் ஏறிடுச்சு, அந்த ரெண்டு பின்னும் யூஎஸ்பி சீரியலும் ஒரே லைன்தான். புதுசா வர்றவங்களுக்கு சொல்றேன், ஊகிச்சுக்கிட்டு இருக்காம லூப்பேக் டெஸ்ட் பண்ணுங்க. ரீசெட்டை கிரவுண்டோட ஒரு வயர்ல சேர்த்துடுங்க, மெயின் சிப் தூங்கிடும், அப்புறம் 0-க்கும் 1-க்கும் நடுவுல ஒரு ஜம்பர், சீரியல் மானிட்டரைத் திறந்து எதையாவது டைப் பண்ணி அனுப்புங்க. அனுப்பினது அப்படியே திரும்பி வந்தா கேபிள், டிரைவர், யூஎஸ்பி சிப் எல்லாம் நல்லாருக்கு, கோளாறு மெயின் சிப் பக்கம். ஜம்பரை எடுத்ததும் வர்றது நிக்கணும், அதையும் பாருங்க. அடுத்து போர்டு ஊனோவா இருந்தா ரீசெட் பட்டனை அமுக்கி விடுங்க, 'எல்'னு போட்ட லைட் வேகமா மினுக்கிச்சுன்னா பூட்லோடர் உயிரோட இருக்கு. அப்லோட் ஆரம்பிக்கும்போது அந்த மினுக்கல் வரலன்னா ஆட்டோ ரீசெட் வேலை செய்யல, டிடிஆர் லைன்ல (கம்ப்யூட்டர் ரீசெட் சிக்னல் அனுப்புற வழி) இருக்கிற 100 நானோஃபாரட் கெபாசிட்டரைப் பாருங்க.

#4
என்னோடது ஆர்டினோ மெகா 2560 போர்டு. மாடித் தொட்டி தண்ணி அளவு காட்டுற ப்ராஜெக்ட், தங்கச்சி மகன் எழுதினது. பிளிங்க் ஏறுது, அவன் கோடு மட்டும் பாதில டைம்அவுட் ஆகுது. அதே போர்டு, அதே கேபிள், அதே போர்ட்! வரி வரியா கமென்ட் பண்ணிக்கிட்டே (ஓடாம முடக்கிக்கிட்டே) போனோம், கடைசியா நின்னது சீரியல் பிரிண்ட்ல இருந்த "டேங்க் ஃபுல்!!!" அப்படிங்கிற ஒரே வரி. மூணு ஆச்சரியக்குறில ஒண்ணை அழிச்சான், ஏறிடுச்சு. திரும்ப சேர்த்தான், நின்னுடுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தோம். மெகாவோட பழைய பூட்லோடருக்குள்ள ஒரு மானிட்டர் மோட் (சிப்பை ஆராயறதுக்கானது) இருக்கு, தொடர்ச்சியா மூணு ஆச்சரியக்குறி வந்தா அதுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும், மிச்ச கோடை வாங்காது. வெளிய சொன்னா இன்னிக்கும் யாரும் நம்ப மாட்டேங்குறாங்க.

#5
உபுண்டு 22.04 (லினக்ஸ்) போட்டதுல இருந்து குளோன் ஊனோ போர்ட் ஒரு செகண்ட் வந்து மறையும். டிஎம்எஸ்ஜி-ல (சிஸ்டம் மெசேஜ் காட்டுற கமாண்ட்) பார்த்தா பிஆர்எல்டிடிஒய்னு ஒண்ணு வந்து சிப்பைப் பிடிச்சுக்குது. பிரெய்ல் டிஸ்ப்ளேக்கான சாஃப்ட்வேராம். ரிமூவ் பண்ணினேன், சரியாயிடுச்சு. எல்லாரும் தூக்கிடுங்க.

#6
#5 தம்பி, 'எல்லாரும் தூக்கிடுங்க'ன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க காலேஜ் லேப்ல பார்வையில்லாத ஒரு மாணவர் அதே மெஷின்ல பிரெய்ல் டிஸ்ப்ளே மாட்டித்தான் கோடு படிக்கிறார். யாரோ இதே மாதிரி படிச்சுட்டு ரிமூவ் பண்ணிட்டாங்க, காலைல அவர் வந்து விரலை வச்சா டிஸ்ப்ளேல ஒரு புள்ளி கூட எழும்பல. அவர் ஒண்ணும் பேசாம பையை எடுத்துக்கிட்டு கிளம்பினாரு பாருங்க, அது மனசை விட்டுப் போகல. ஏதோ ஒரு பிரெய்ல் கருவியும் குளோன்ல இருக்கிற இந்த சிஹெச்340-யும் ஒரே ஐடி (1ஏ86:7523) சொல்றதாலதான் இந்தக் குழப்பமே. யூடெவ் ரூல்ஸ்ல (கருவி மாட்டினா என்ன செய்யணும்னு லினக்ஸுக்கு சொல்ற ஃபைல்கள்) பிஆர்எல்டிடிஒய் ஃபைலைத் திறந்து அந்த ஐடி இருக்கிற வரியை மட்டும் கமென்ட் பண்ணுங்க போதும், மத்த டிஸ்ப்ளே எல்லாம் ஓடும். அதுக்கப்புறமும் 'பெர்மிஷன் டினைட்' வந்தா யூசரை டயல்அவுட் குரூப்ல (சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள குரூப்) சேர்த்து லாக்அவுட் பண்ணி உள்ள வாங்க.

#4
#3 சார், லூப்பேக் நாங்களும் பண்ணிப் பார்த்தோம், சுத்தமா பாஸ். என் கேஸை அது எப்படிப் பிடிக்கும்? வயர்ல கோளாறே இல்லையே, அனுப்புற எழுத்துலதானே இருக்கு. இன்னொரு ஊனோவை ஐஎஸ்பியா (சிப்புல நேரடியா எழுதுற கருவியா) வச்சு புது பூட்லோடர் பர்ன் பண்ணினப்புறம்தான் முழுசா தீர்ந்துச்சு. பண்றவங்க அந்த ஊனோல ஐஎஸ்பி ஸ்கெட்ச் (அதுக்கான கோடு) ஏத்தின *பிறகு* ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்க, முன்னாடியே போட்டா அந்த ஸ்கெட்சே ஏறாது.