வந்த வழியே திரும்ப ஜிபிஎஸ்: அம்பு ஏன் பள்ளத்தைக் காட்டுகிறது?

புதுநடையன்:
போன மாதம் கர்நாடகாவில் குமார பர்வதம் மலைக்குப் போனோம், குக்கே சுப்ரமண்யா பக்கமிருந்து. கையில் கார்மின் ஈட்ரெக்ஸ் 10 ஜிபிஎஸ் கருவி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உச்சியைப் பார்த்துவிட்டு, வழியிலுள்ள சேஷ பர்வதம் சிகரம் வரை இறங்கியதும் பனிமூட்டம் கவிந்து, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஏறும்போது பட்டர மனையில் (வழியில் மலையேறிகள் சாப்பிடும் வீடு) ஒரு புள்ளி குறித்து வைத்திருந்தேன், அதைத் தேர்ந்தெடுத்து 'கோ' அழுத்தினால் அம்பு நேராகப் பள்ளத்தைக் காட்டுகிறது! நின்று பார்த்தால் வேறு திசை, இரண்டடி நகர்ந்தால் இன்னொரு திசை. கடைசியில் பின்னால் வந்த பெங்களூர்ப் பையன்களோடு ஒட்டிக்கொண்டு இறங்கினோம். மெஷின் பழுதா, இல்லை நான் செய்ததுதான் தப்பா?

மலைக்காற்று:
மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது நண்பரே. புள்ளிக்குப் போ என்றால் அது நேர்கோட்டில்தான் காட்டும், நடுவில் பள்ளமா பாறையா என்று அதற்கு என்ன தெரியும்? உங்களுக்கு வேண்டியது புள்ளி இல்லை, தடம். ஏறும்போது பதிவான டிராக்கைத் திறந்து, வரைபடத்தில் அந்தக் கோட்டின் மேலேயே இறங்கி வரவேண்டும்.

அம்பு சுற்றியதற்குக் காரணம் வேறு. ஈட்ரெக்ஸ் 10-இல் மின்னணுத் திசைகாட்டி கிடையாது (30-இல் உண்டு). நீங்கள் நகர்வதை வைத்துத்தான் திசையைக் கணக்குப் போடும், நின்றுவிட்டால் உளற ஆரம்பித்துவிடும். பாதை காலடியில் இருக்கும்போதே கொஞ்ச தூரம் சீராக நடந்துவிட்டு அப்புறம் பாருங்கள்.

காடோடி:
மேலே சொன்னது சரி, ஆனால் கோட்டையும் கண்மூடி நம்பவேண்டாம். சேஷ பர்வதத்துக்கும் உச்சிக்கும் நடுவே ஒரு அடர்ந்த காடு வருமே, அங்கே மரக்கூரைக்கு அடியில் சிக்னல் தடுமாறி கோடு பாதையை விட்டு இப்படியும் அப்படியும் போயிருக்கும். பாதை காலுக்குத் தெரிகிறது என்றால் காலைத்தான் நம்பவேண்டும், கோட்டைத் துரத்திக்கொண்டு புதருக்குள் போய் அட்டைக்கடி வாங்கியவன் சொல்கிறேன். மெஷினைப் பேண்ட் பையில் போடாமல் தோள்பட்டையில் வானம் பார்க்க மாட்டுங்கள். கிளம்பும் முன் வெட்டவெளியில் வைத்து இடம் பிடிபடும் வரை பொறுங்கள், பழைய தடத்தை அழித்துவிட்டு ஏறுங்கள். பாதை பிரிகிற இடத்தில் ஒரு புள்ளி போட்டுவிட்டு, திரும்பி நின்று ஒரு தடவை பாருங்கள், இறங்கும்போது அதே இடம் வேறு மாதிரி தெரியும். மாற்று டபுள் ஏ பேட்டரி இரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

புதுநடையன்:
நன்றி. இப்போதுதான் மெனுவைத் திறந்து பார்த்தேன், தடம் முழுக்கப் பதிவாகித்தான் இருக்கிறது. அதுவும் பெங்களூர் பஸ் ஸ்டாண்டிலிருந்தே!