படுக்கையில் இருக்கும் அப்பா: ராத்திரியை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

காவிரிக்கரை (கும்பகோணம்):

எல்லோருக்கும் வணக்கம். போன ஆடியில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. வலது கையும் காலும் வராமல் போய்விட்டன, பேச்சும் நின்றுவிட்டது. மூக்கில் டியூபோடுதான் வீட்டுக்கு வந்தார். இப்போது டியூப் இல்லை. குழைந்த சாதம், இட்லி எல்லாம் வாயாலேயே சாப்பிடுகிறார். தண்ணீர் குடித்தால் மட்டும் புரை ஏறுகிறது.

அப்பா ரிட்டயர் ஆகும்வரை தஞ்சாவூர் - கும்பகோணம் ரூட்டில் கண்டக்டர். ஒருநாள் காலையில் துடைத்துவிட்டு வேட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று "பசுபதிகோயில், அய்யம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம்" என்று ஆரம்பித்தார். சுந்தரபெருமாள்கோயில், தாராசுரம் என்று கும்பகோணம் வரைக்கும் நிற்காமல் வந்தது. அதே பழைய கணீர்க் குரல். என் பெயர் அவர் வாயில் வரவில்லை, தண்ணீர் வேண்டும் என்று கேட்க வரவில்லை, ஆனால் ஸ்டாப் ஒன்றுகூட மாறவில்லை. சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக எத்தனை வேட்டி வேண்டுமானாலும் துவைப்பேன்.

பகலில் ஒரு அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார், நான் வேலைக்குப் போய்விட்டு வருகிறேன். ராத்திரிதான் முடியவில்லை. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அலாரம் வைத்து எழுந்து எழுந்து, மறுநாள் ஆபீஸில் கணக்கு நோட்டில் எழுத்து மங்குகிறது. இப்போது முதுகுக்குக் கீழே, வால் எலும்புகிட்ட சிவப்பாக ஓர் இடம் தெரிகிறது. பயமாக இருக்கிறது.

சென்னையில் இருக்கும் தம்பி, ஹோமில் சேர்த்துவிடலாம், பணம் நான் தருகிறேன் என்கிறான். அவன் பாசமில்லாதவன் இல்லை. வந்தால் அப்பா காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், சாயங்காலம் கிளம்பிவிடுவான். எனக்கு அப்பாவை அனுப்ப மனசில்லை. ஆனால் இப்படியே எவ்வளவு நாள் ஓட்ட முடியும் என்றும் தெரியவில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற செவிலியர் (திருச்சி):

தங்கச்சி, முதலில் அந்தச் சிவப்பு. விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் அந்தப் பக்கம் பாரம் விழாமல் வைத்தாலே சரியாகிவிடும். வெளுக்கவே இல்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே காட்டிவிடுங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு பல சமயம் கண்ணுக்கே தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிட அந்த இடம் சூடாக, கெட்டியாக, கருத்து இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் எல்லோரும் தேய்ப்பார்கள், உள்ளே நைந்துபோன சதை இன்னும் நைந்துபோகும். நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையமும் வேண்டாம், சுற்றி அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும்.

ராத்திரி முழுசாக ஒருக்களிக்க வேண்டியதில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்று, குதிகால் படுக்கையில் படாமல் நிற்கட்டும். இடுப்புக்குக் கீழே ஒரு போர்வையை நான்காக மடித்துப் போட்டுவைத்து, அதைப் பிடித்து நகர்த்துங்கள். ஆளை இழுத்தால் தோல் உரியும், உங்கள் இடுப்பும் போய்விடும். மோட்டார் வைத்த ஏர் பெட் வாடகைக்குக் கிடைக்கும். அது வந்தாலும் புரட்டுவதை விடக்கூடாது. ஆனால் தோல் நன்றாக இருந்தால் ராத்திரி இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்கள் தொடர்ந்து தூங்க அதுதான் வழி. முட்டை, பருப்பு தினமும் உள்ளே போகட்டும். சத்து இல்லாத உடம்பில் புண் ஆறாது.

மாப்பாளையத்தான் (மதுரை):

என் மனைவிக்குத் தண்டுவடத்தில் அடி. மார்புக்குக் கீழே உணர்வு கிடையாது. சமையல், டயபர், குளியல் எல்லாம் நான்தான். ஆம்பிளை எப்படிச் செய்வான் என்று சொந்தக்காரர்கள் வாய்விட்டே கேட்டார்கள். சடை பின்னுவதுதான் வரவே இல்லை. மூன்று கால் எடுத்தால் ஒன்று நழுவிவிடும். அவள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "இடது பக்கத்தை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிச் சொல்லியே கற்றுக்கொடுத்தாள். இப்போது பூ வைத்துவிட்டுத்தான் வாசலில் உட்காரவைப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரம் ரொம்பப் பிடிக்கும்.

உங்கள் தம்பி விஷயம். "வந்து பாரு" என்றால் விருந்தாளியாகத்தான் வருவான். "மாசத்தில் ஒரு வெள்ளி ராத்திரியிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை அப்பா உன் பொறுப்பு" என்று தேதி போட்டுச் சொல்லுங்கள். முதல் தடவை கூடவே இருந்து, டயபர் மாற்றுவதிலிருந்து எல்லாம் செய்யவையுங்கள். அடுத்த தடவை நீங்கள் வீட்டிலேயே இருக்காதீர்கள். ஹோம் வேண்டுமா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பேசுங்கள். பார்த்துக்கொள்ளாதவன் எடுக்கும் முடிவும் சரி, தூக்கம் கெட்டவள் எடுக்கும் முடிவும் சரி, இரண்டையும் நான் நம்ப மாட்டேன்.

பேச்சுப் பயிற்சியாளர்:

அப்பா ஸ்டாப் பெயர் சொல்வதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது மூளை பாதித்துப் பேச்சு போனவர்கள் பலருக்கு, வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் பழகிய வரிசை மட்டும் தப்பித்துவிடும். எண்கள், கிழமைகள், பாட்டு எல்லாம் அப்படித்தான். நீங்கள் "பண்டாரவாடை" என்று சொல்லி நிறுத்துங்கள், அடுத்ததை அவர் சொல்லட்டும். அது சுலபமாக வந்தபிறகு "குடிக்கக் கொஞ்சம்..." என்று நிறுத்திப் பாருங்கள். வராவிட்டால் திருத்தாதீர்கள், நீங்களே சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பேச முடியாதவருக்கு எதுவும் புரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் முன்னால் ஹோம் பற்றிப் பேசாதீர்கள், பேசுவதானால் அவரையும் சேர்த்துப் பேசுங்கள்.

புரை ஏறுவதைச் சும்மா விடாதீர்கள், தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். நேராக உட்காரவைத்துத்தான் எதையும் கொடுக்க வேண்டும். தண்ணீரை எந்தப் பதத்தில் கொடுப்பது என்பதை, விழுங்குவதைப் பரிசோதித்துவிட்டு ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்வார்.

2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான கவனிப்பும் வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைக் கொடுங்கள்.

காவிரிக்கரை:

அக்கா, அழுத்திப் பார்த்தேன், வெளுக்கிறது. ஏர் பெட் நாளைக்கு வருகிறது. அண்ணா, நீங்கள் சொன்னபடியே தம்பிக்குத் தேதி போட்டு அனுப்பிவிட்டேன், சரி என்று பதில் வந்திருக்கிறது. ஹோம் பேச்சு இத்தனை நாள் அப்பா முன்னாலேயேதான் நடந்தது, அது இனி நடக்காது. அக்கா, இன்னும் ஒன்று. வலது தோள் இறங்கித் தொங்குகிறது, அந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைக்கலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர் (திருச்சி):

வைக்கலாம் தங்கச்சி. ஆனால் தோள் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுத்து முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டு, கையை நீட்டித் தலையணையில் வையுங்கள். வலியில் முகம் சுளித்தால் அந்தப் பக்கம் நேரத்தைக் குறையுங்கள். தூக்கும்போது அந்தக் கையையோ அக்குளையோ பிடித்து யாரும் இழுக்கக் கூடாது. பகலில் வரும் அம்மாவிடமும், வரப்போகிற தம்பியிடமும் இதைச் செய்தே காட்டிவிடுங்கள்.