ஸ்விஃப்ட் முன் சக்கரத்துக்குள் பிளாஸ்டிக் கிழிந்து டயரில் உரசுகிறது, அவசரம்

நாடோடி_எக்ஸ்:
வணக்கம். முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் கிழிந்து தொங்குகிறது. எண்பதைத் தாண்டினால் டர்ர்ர் என்று சத்தம். சனிக்கிழமை குடும்பத்தோடு வேளாங்கண்ணி போகணும். புதுசு மாட்டணுமா, இல்லை உரசுகிற இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிடலாமா? சர்வீஸ் சென்டரில் பார்ட் வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

ரிங்_ஸ்பேனர்:
எந்த வருட மாடல்? இடதா வலதா? கிழிந்தது பம்பர் பக்கமா, கதவுப் பக்கமா? ஒரு போட்டோ போடுங்கள் ப்ரோ.

பழைய800:
அதற்குப் பெயர் ஃபெண்டர் லைனர். இது பலமுறை அலசியாகிவிட்டது. தேடிப் பார்க்கிற பழக்கமே இப்போது யாருக்கும் இல்லை. பெயர்கூடத் தெரியாமல் கத்தியைத் தூக்கினால் என்ன சொல்ல.

மதுரைக்காரன்_டீசல்:
வெட்டாதீங்க நண்பரே. என் பழைய வண்டியில் லைனர் இல்லாமலே ஒரு மழைக்காலம் ஓட்டினேன். சேறு முழுக்க ஹாரனிலும் ஃபாக் லேம்ப் சாக்கெட்டிலும் போய் அப்பியது. அந்தச் சந்து வழியாக எலி ஏறி வயரைக் கடித்தது தனிக்கதை.

ரிங்_ஸ்பேனர்:
எல்லா வண்டிக்கும் எலிதானா சார் உங்களுக்கு?

மதுரைக்காரன்_டீசல்:
வயரிங் செலவு வந்தால் தெரியும்.

கிளிப்_குமார்:
ஓடும்போது மட்டும் சத்தம் என்றால் நிச்சயம் கிளிப் போயிருக்கிறது. சமீபத்தில் பம்பரைக் கழற்றி பெயிண்ட் அடித்தீர்களா? டிங்கர் பட்டறையில் பாதி கிளிப்பைத் திரும்பப் போட மாட்டார்கள். லைனர் விளிம்பு தொங்கும், வேகத்தில் காற்று பிடிக்கும், டயர் இழுத்துக் கிழிக்கும். பத்தில் எட்டு கேஸ் இதுதான்.

ரிங்_ஸ்பேனர்:
ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் உரசுகிறதா என்பதையும் சொல்லுங்கள். முக்கியமாக, டயர் கம்பெனி கொடுத்த அளவுதானா?

நாடோடி_எக்ஸ்:
2019 இசட்எக்ஸ்ஐ. இடது பக்கம், பம்பரை ஒட்டி. ஆமாம், போன மாதம் பம்பர் பெயிண்ட் ஆச்சு. டயர் 205/65 ஆர்15. ஒடித்தால் லேசாகச் சத்தம் வரும், அது முன்னாடியே இருந்ததுதான்.

கிளிப்_குமார்:
சொன்னேனா இல்லையா!

ரிங்_ஸ்பேனர்:
நானும்தான் சொன்னேன். அந்த வண்டிக்கு 185/65 ஆர்15, அதாவது அகலம் 185 மில்லி, பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 இன்ச்; விட்டம் ஏறக்குறைய 621 மில்லி. உங்களுடையது 647. சக்கர மையத்திலிருந்து 13 மில்லி வெளியே வந்துவிட்டது, அகலத்திலும் பக்கத்துக்குப் பத்து மில்லி கூடுதல். 205/60 போட்டிருந்தால் 627-இல் நின்றிருக்கும். புது லைனர் மாட்டினாலும் இந்த டயர் அதையும் தின்னும்.

பழைய800:
இதைத்தான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சக்கரவர்த்தி_15:
205/65 போட்டால் மைலேஜும் போகும். எனக்கு இருபது கொடுத்த வண்டி பத்தொன்பதுக்கு வந்துவிட்டது.

ரிங்_ஸ்பேனர்:
போனது மைலேஜ் இல்லை, மீட்டர். டயர் நான்கு சதவீதம் பெரிசு. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 104 ஓடியிருக்கும். உங்கள் பத்தொன்பதை 1.04-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

சக்கரவர்த்தி_15:
பெட்ரோல் பில்லை எதால் பெருக்குவது?

மதுரைக்காரன்_டீசல்:
கனமான டயருக்கு டவுனில் பெட்ரோல் கூடத்தான் குடிக்கும். ரெண்டு பேர் சொல்வதும் சரி.

ரிங்_ஸ்பேனர்:
மைலேஜுக்குத் தனி இழை போடுங்கள், இங்கே லைனரைப் பார்ப்போம்.

நாடோடி, இப்படிச் செய்யுங்கள். ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்தாலே பம்பர் பக்கக் கிளிப்புக்குக் கை போகும். இடம் பத்தவில்லை என்றால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தாமல் கையை உள்ளே விட வேண்டாம். கிளிப்பின் நடு ஊசியைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் தூக்கினால் முழுசும் வெளியே வரும். மொத்தமாக இழுத்தால் காது உடையும். கழற்றும்போது பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் இரண்டையும் கவனியுங்கள்.

லைனரில் சேறு படியாமல் பளபளவென்று தேய்ந்திருக்கும் இடம்தான் உரசும் இடம். தெரியவில்லை என்றால் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, உள்ளே நாலு பேர் உட்கார்ந்து ஒரு வேகத்தடை ஏற்றுங்கள், இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடத்தை வெட்டாமல், லைனரை வெளியே எடுத்து ஹீட் கன்னால் சூடாக்கி, மரக்கட்டையால் பின்பக்கம் அழுத்தி ஆறும்வரை பிடியுங்கள். வண்டியிலேயே வைத்துச் சூடாக்கினால் பின்னால் வயர் உருகும்.

கிளிப்_குமார்:
கிழிசலுக்கு ஃபெவிக்விக் ஒட்டாது. பின்பக்கம் பி.பி. (பாலிபுரோப்பிலீன்) என்று அச்சு இருந்தால் அதே ரகப் பிளாஸ்டிக் துண்டை வைத்து சால்டரிங் அயர்னால் உருக்கிச் சேருங்கள். பயணத்துக்கு மட்டும் என்றால் கிழிசலின் இரு பக்கமும் ஓட்டை போட்டு கேபிள் டையால் தைத்தால் போதும், முடிச்சு டயர் பக்கம் வரக்கூடாது.

பாடி_லைன்:
கேபிள் டை எதற்கு? செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவை ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே இருக்கும் பாடித் தகடு) விளிம்பில் நாலு அடித்தால் வேலை முடிந்தது.

மதுரைக்காரன்_டீசல்:
பெயிண்ட் உடைந்த ஓட்டையில் தண்ணீர் நின்று துரு ஏறும். ஃபெண்டர் மாற்றும்போது அந்த நாலு ஸ்க்ரூவையும் நினைத்துக்கொள்வார்.

பழைய800:
முதலில் ஒரிஜினல் டயர் அளவுக்கு வாருங்கள். மற்றதெல்லாம் ஒப்பேற்றல்.

நாடோடி_எக்ஸ்:
மூன்று கிளிப் காணோம். கடையில் வாங்கிப் போட்டாச்சு, கிழிசலையும் தைத்தாச்சு. நூறில் சத்தம் இல்லை. ஒடித்தால் இன்னும் லேசாக உரசுகிறது, வந்து பார்க்கிறேன். நன்றி எல்லாருக்கும்.

ரிங்_ஸ்பேனர்:
இடது ஒடிப்பிலா வலதிலா? நாலு பேரும் சாமானும் ஏறினால் அதிகமாக உரசும், கிளம்புவதற்கு முன் பாருங்கள்.

ரிங்_ஸ்பேனர்:
நாடோடி?

சக்கரவர்த்தி_15:
அவர் நாகப்பட்டினம் தாண்டியிருப்பார். சார், அந்த 1.04 கணக்கு சிஎன்ஜிக்கும் அப்படியேதானா?