கரும்புத் தோகை விறைப்பாக இருந்தால் நோய் வராதா?

வரப்போரம்: விழுப்புரம் பக்கம் கோ 86032 ரகக் கரும்பு போட்டிருக்கிறேன். இரண்டாம் மறுதாம்பில் (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைத்த பயிரில்) மஞ்சள் இலை நோய். தோகையைத் திருப்பினால் நடுநரம்பு மஞ்சளாக ஓடுகிறது, பக்கத்திலேயே அசுவினிக் கூட்டம். "விறைப்பான தோகை உள்ள ரகமா நடுங்க, அசுவினியால குத்த முடியாது" என்கிறார் கரணை (நடும் கரும்புத் துண்டு) விற்பவர். நம்பி மாற்றலாமா?

தாவரவியல் டீச்சர்: அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. தோகையை பிளேடால் மெல்லிசாகக் குறுக்கே சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ஒவ்வொரு நரம்பைச் சுற்றியும் மோதிரம் போட்டது போலப் பச்சை உறை தெரியும். பெரிய நரம்புகளுக்கு மேலும் கீழும் நார்த்திசு முட்டுக் கொடுத்து நிற்கும். அசுவினிக்கு வேண்டிய சாறு அதற்கெல்லாம் உள்ளே, சர்க்கரைச் சாறு ஓடும் சல்லடைக் குழாயில். மஞ்சள் இலை வைரஸ் குடியிருப்பதும் அங்கேதான். வழி கடினமானால் பூச்சி சலித்து நகர்ந்துவிடும்.

பழைய கரும்பு அலுவலர்: இங்கேதான் ஒத்துக்கொள்ள முடியவில்லை டீச்சர். அசுவினி பெரும்பாலும் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே ஊசியை நெளித்து விடுகிறது. சுவரை உடைத்துப் போவதில்லை. அப்புறம், சலித்த பூச்சி சும்மா இருக்குமா? நாலு தோகையைக் குத்திப் பார்க்கும். கரும்பின் இன்னொரு நோயான மொசைக்கின் வைரஸ் பரவ அந்தச் சில நொடிக் குத்தே போதும்.

தாவரவியல் டீச்சர்: மொசைக்குக்குச் சரி சார். மஞ்சள் இலை வைரஸ் அப்படியில்லை. அது அசுவினியின் குடலைத் தாண்டி, உடலுக்குள் சுற்றி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்தாக வேண்டும். அதற்குப் பூச்சி குழாயில் ஊசியை வைத்து நிதானமாகக் குடிக்க வேண்டும். அந்த நிதானத்தைத் தோகை கெடுத்தாலே லாபம்தான். ஃபிஜி நோய் என்ற வேறொரு கரும்பு வைரஸ் நோயைப் பரப்பும் தத்துப்பூச்சியோ நடுநரம்பைக் கீறி முட்டையையே உள்ளே செருகுகிறது; கீறிய இடம் சிவந்துபோகும். அந்தத் திசு எப்படி இருக்கிறது என்பது முக்கியமில்லையா?

பழைய கரும்பு அலுவலர்: அதே தத்துப்பூச்சி ஹவாயில் கரும்பை அழித்தபோது அடக்கியது தோகை இல்லையே. 1920இல் வெளியிலிருந்து ஒரு குட்டி நாவாய்ப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். நரம்புக்குள் ஒளிந்திருந்த முட்டையை அது தேடி உறிஞ்சியது.

தாவரவியல் டீச்சர்: ஆனால் 1970களில் ஆஸ்திரேலியாவின் பண்டபர்க்கில் ஃபிஜி நோய் பரவியபோது காப்பாற்றியது ரகம்தான். நோயில் விழுந்தது என்.சி.ஓ. 310 என்ற ரகம்; நம் கோயம்புத்தூரில் கலப்பு செய்த விதை, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தேர்ந்தெடுத்தது. எதிர்ப்புள்ள ரகங்கள் வந்த பிறகுதான் நோய் தணிந்தது.

பழைய கரும்பு அலுவலர்: ரகம் என்றால் தோகை மட்டுமா? வைரஸையே பெருக விடாத குணமும் ரகத்தில்தான் இருக்கிறது. வெளியே பார்த்து அது தெரியாது. வரப்போரம் தம்பி, உங்கள் காட்டுக்கு நோய் கரணையிலேயே வந்திருக்கலாம். அப்படியானால் தோகை எத்தனை விறைத்தும் பயனில்லை. நுனிக்குருத்துத் திசு வளர்ப்பு நாற்றிலிருந்து தொடங்குங்கள்.

தாவரவியல் டீச்சர்: நாற்று விஷயத்தில் சாருடன் உடன்படுகிறேன். ஆனால் சுத்தமான நாற்றையும் அசுவினி தேடி வருமே. அன்றைக்குத் தோகைதான் வாசற்கதவு.

வரப்போரம்: சரி, இந்தக் கட்டையை உழுதுவிடுகிறேன். திசு வளர்ப்பு நாற்று நட்டு, பக்கத்திலேயே அந்த விறைப்பு ரகம் நாலு வரிசை. வாரம் ஒருமுறை தோகையைத் திருப்பி அசுவினியை எண்ணி இங்கே போடுகிறேன்.