10 அடி அறைக்கு எந்த பேஸ் கேபினெட்?

நாலுகம்பி:

வணக்கம். பேஸ் கிட்டார் கையில் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. ஞாயிறு காலையில் எங்கள் சர்ச்சில் வாசிக்கிறேன். அங்கே டிஐ பாக்ஸ் (கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் சின்னக் கருவி) வழியாக நேராக மிக்ஸருக்குப் போய்விடும், ஆம்ப் கிடையாது. வீட்டுக்கு இப்போது நண்பர் ஒருவரிடமிருந்து 200 வாட்ஸ் கிளாஸ் டி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) ஒன்று வாங்கியிருக்கிறேன். பின்பக்கம், சேர்க்கும் பெட்டியின் மின்தடை குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருக்கிறது. ஹெட்போன் ஜாக்கும் உண்டு. இதற்கு ஒரு கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, வேண்டும்.

சென்னையில் வாடகை வீடு, இரண்டாம் மாடி. அறை 10க்கு 11 அடி. கட்டிலும் பீரோவும் போக ஒரு நாற்காலி போட இடம் இருக்கும். கீழ் வீட்டில் வயதான தம்பதி. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, எட்டரைக்கு உட்கார்ந்தால் பத்து மணி தாண்டியும் போகும். கடையில் 15 இன்ச் ஒன்று, 12 இன்ச் ஒன்று, இரண்டு 8 இன்ச் போட்டது ஒன்று காட்டினார்கள். "பேஸுன்னா பதினஞ்சுதான் சார்" என்றார் கடைக்காரர். எதை எடுக்கலாம்?

பதினைந்தங்குலம்:

கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் தம்பி. நான் மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் இருபது வருடத்துக்கு மேல் வாசித்தவன். திருவிழா மேடையில் 15 இன்ச் பெட்டிக்கு முன்னால் நின்று வாசித்துப் பழகியவனுக்கு வேறு எதுவும் பிடிக்காது. ஒரு நோட்டை அடித்தால் கால்சட்டை ஆடும். அது வெறும் சத்தமில்லை, நாம் மீட்டியதற்குப் பெட்டி சொல்லும் பதில். வீட்டுக்கும் அதையே வாங்குங்கள், வால்யூமைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பெக் பி-15 என்று 1960-இல் வந்த ஆம்ப் ஒன்று உண்டு. ஒரே ஒரு 15 இன்ச் ஸ்பீக்கர், 25 வாட்ஸ், அவ்வளவுதான். அமெரிக்க பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது அதில்தான். அதற்கு மேல் என்ன வேண்டும்?

மரப்பெட்டி:

அண்ணா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவன். ஆனால் பெரிய கோன் (ஸ்பீக்கரின் கூம்பு) என்றால் பெரிய பேஸ் என்ற கணக்கு சரியில்லை. கோயம்புத்தூரில் நானே 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஆறேழு பெட்டி அடித்திருக்கிறேன். ஒரே 15 இன்ச் ஸ்பீக்கரை அளவு தப்பான பெட்டியில் போட்டால் எப்படிச் சொதப்பும் என்று கண்ணால் பார்த்தவன்.

எவ்வளவு கீழே இறங்கும் என்பதை ஸ்பீக்கரின் குணமும் பெட்டியின் கொள்ளளவும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அந்தக் கணக்கை தீல், ஸ்மால் என்ற இருவர் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எழுதி வைத்துவிட்டார்கள். ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த வாட்ஸில் அதிக சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். மூன்றும் தருகிறேன் என்று எவராவது விற்றால் நம்பாதீர்கள்.

உலகமே கும்பிடும் ஆம்பெக் எஸ்விடி பெட்டியில் இருப்பது எட்டு 10 இன்ச் ஸ்பீக்கர்கள். ஒரு 15 கூடக் கிடையாது. அதன் 810ஈ மாடலுக்குக் கம்பெனி கொடுக்கும் கணக்குப்படி 58 ஹெர்ட்ஸிலேயே சத்தம் 3 டெசிபல் இறங்கிவிடுகிறது, 40-இல் 10 டெசிபல். நம் ஈ கம்பியோ 41 ஹெர்ட்ஸ். அப்படியானால் அந்தப் பெட்டியில் நாம் கேட்டு மயங்குவது பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 82-ம் அதற்கு மேலே வருவதும்தான். அடியில் உள்ள 41-ஐ நம் காதே நிரப்பிக்கொள்கிறது.

நாலுகம்பி, 12 இன்ச் ஒன்று, 8 ஓமில் எடுங்கள். 8 ஓமில் உங்கள் ஹெட் பாதி பவரைவிடக் கொஞ்சம் கூடத் தரும். பயப்பட வேண்டாம். 97 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள பெட்டி 1 வாட்ஸிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் சத்தம் போடும். உங்கள் அறையில் 1 வாட்ஸ்கூடச் செலவாகாது. நாளைக்கு மேடைக்குப் போக நேர்ந்தால் இன்னொரு 8 ஓம் பெட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம், இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகிவிடும்.

ராத்திரிப்பயிற்சி:

எல்லோரும் எந்தப் பெட்டி என்று சண்டை போடுகிறீர்கள். பெட்டி எதற்கு என்று யாருமே கேட்கவில்லை.

ஜேமர்சனைச் சொன்னீர்கள் அண்ணா. அவர் கிளப்புகளில் பி-15 வைத்து வாசித்தது உண்மை. ஆனால் மோடவுன் என்ற இசைக் கம்பெனியின் ஸ்டூடியோவில் அவருடைய பேஸ் டிஐ வழியாக நேராக மிக்ஸர் மேசைக்குத்தான் போனது. நாம் ரெக்கார்டில் கேட்டுக் கேட்டு உருகும் பேஸ் அது. நாலுகம்பியும் சர்ச்சில் டிஐயில்தான் வாசிக்கிறார். மூடிய வகை ஹெட்போன் ஒன்றை நல்லதாக வாங்கி அந்த ஹெட்டில் சொருகினால், மிக்ஸருக்குப் போகிற சத்தத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது அவருக்குக் கேட்கும்.

இன்னொன்று, அவருடைய அறை. சுவருக்குச் சுவர் 10 அடி என்றால் 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அந்த அறையே ஊதும். ஓப்பன் ஏ கம்பி (விரல் வைக்காமல் மீட்டினால்) 55 ஹெர்ட்ஸ். அதாவது ஏ அடிக்கும்போதெல்லாம் குடம் உருட்டுகிற மாதிரி ஒரு முழக்கம், பக்கத்து நோட்டுகள் சோகை. சுவரோரம் உட்கார்ந்தால் ஏ காதைப் பிளக்கும், அறை நடுவில் உட்கார்ந்தால் அதே ஏ காணாமல் போகும். எந்தக் கேபினெட் வாங்கினாலும் இதுதான் நடக்கும். இப்படிப்பட்ட அறையில் தினமும் ஒன்றரை மணி நேரம் வாசித்து, எந்த நோட்டை எவ்வளவு அழுத்தி மீட்டுவது என்று விரல் தப்பாகப் பழகிவிடும் என்பதுதான் என் கவலை. எனக்கு அப்படி ஆனது. ஏ நோட்டை மட்டும் மெதுவாகத் தொடும் பழக்கத்தை விட ஒரு வருடம் ஆனது.

மரப்பெட்டி:

அறை ஊதுவது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹெட்போனிலேயே வளர்ந்த வாசிப்பை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவுக்கு வந்த ஒரு பையன் ஹெட்போனில் அவ்வளவு சுத்தமாக வாசிப்பான். பெட்டி வைத்த முதல் நாள், வாசிக்காத கம்பிகள் எல்லாம் கூடவே முனகின. ஸ்பீக்கர் சத்தம் காற்றில் வந்து கம்பியை ஆட்டும், அதை இடது கை விரல்களால் அமர்த்தத் தெரிய வேண்டும். அது அவனுக்குப் பழக்கமே இல்லை. ட்ரம்ஸோடு சேர்ந்து நிற்பதும் அப்படித்தான். காதுக்குள் ஒலிக்கிற பேஸும் அறையில் நிற்கிற பேஸும் ஒன்றில்லை.

நாலுகம்பி:

இதற்குள் நண்பரின் 12 இன்ச் பெட்டியை இரண்டு நாளுக்கு வாங்கி வந்தேன். ராத்திரிப்பயிற்சி சொன்னது அப்படியே நடந்தது. ஓப்பன் ஏ அடித்தால் பீரோ கைப்பிடி கிடுகிடுவென்று ஆடுகிறது. இடுக்கில் ஒரு கைக்குட்டையை மடித்துச் சொருகிய பிறகுதான் நின்றது. ஈ கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட் பிடித்தாலும் அதே ஏ, அதே ஆட்டம்.

ஆனால் சத்தம் அளவோடுதான் வைத்தேன். போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தால் 52 டெசிபல் காட்டியது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 வரை என்பதுதானே 2000-இல் வந்த விதி? இரவு பத்துக்கு மேல்தானே 45? அப்படியானால் பத்து மணி வரை பிரச்சினை இல்லைதானே?

கீழ்த்தளம்:

நான் பேஸ் வாசிப்பவன் இல்லை, வயலின் வாசிப்பவன். இந்த விவாதத்தில் எழுதக் காரணம், ஒரு பேஸ் வாசிப்பவரின் வீட்டுக்குக் கீழே இரண்டு வருடம் இருந்திருக்கிறேன்.

அவர் நல்ல மனிதர், வால்யூமும் அதிகம் வைத்ததில்லை. மாடிப்படியில் நின்று கேட்டால் பேச்சுச் சத்தம் அளவுக்குக்கூட இருக்காது. ஆனால் எங்கள் படுக்கையறையில் தலையணையில் காதை வைத்தால் தும்... தும்... தும்தும். பாட்டு தெரியாது, ராகம் தெரியாது, அந்தத் தும் மட்டும். அதுவும் பயிற்சி என்பதால் அதே நாலு தாளச் சுற்றைத் திரும்பத் திரும்ப. என் அப்பா அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டில் படுத்திருந்தார். "யாரோ கட்டிலுக்கடியில் தட்டுறாங்கடா" என்பார். போய்ச் சொல்லத் தயங்கித் தயங்கியே மாதங்கள் போயின. கீழ் வீட்டுக்காரர்கள் புகார் சொல்லவில்லை என்பதால் அவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்று நினைக்காதீர்கள். தயவுசெய்து ஒரு தடவை கீழே போய் நின்று கேட்டுப் பாருங்கள்.

ராத்திரிப்பயிற்சி:

நாலுகம்பி, ஆப் காட்டிய 52-ஐ நம்பாதீர்கள். அந்த 55 என்பது டெசிபல் ஏ. ஏ வெயிட்டிங் என்பது கீழ் ஸ்தாயியைப் பெரிய அளவில் கழித்துவிட்டு எண்ணைக் காட்டும் முறை. 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபல் கழிக்கும், ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸ் பக்கம் 34 போல. போன் மைக் வேறு அந்த இடத்தில் அரைகுறையாகத்தான் கேட்கும். ஆப்புக்குக் கேட்காத பேஸ் கீழ் வீட்டுக் கூரைக்குக் கேட்கும்.

நமக்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சத்தம் குறையக் குறைய காதுக்கு பேஸ் மற்றதைவிட வேகமாக மங்கிவிடும். ஃப்ளெட்சர், மன்சன் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். அதனால் இரவில் மெதுவாக வாசிக்கும்போது "பேஸ் பத்தலையே" என்று இக்யூவில் பேஸ் குமிழைத் திருகுவோம். நமக்குக் கொஞ்சம், கீழ் வீட்டுக்கு நிறைய.

பதினைந்தங்குலம்:

கீழ்த்தளம் எழுதியதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கள் தெருவில் தனி வீடு, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. சரி, மாடி வீட்டுக்கு 15 வேண்டாம். அதை நான் விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் பெட்டியே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மேடையில் மானிட்டர் இல்லாத காலத்தில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். தரையில் இருந்தால் அது உங்கள் முழங்காலுக்கு வாசிக்கும், காதுக்கு வராது, உடனே வால்யூமை ஏற்றுவீர்கள். தரையும் சுவரும் சேர்ந்து பேஸைக் கூட்டிவிடும், மூலையில் வைத்தால் இன்னும் மோசம். நாற்காலி உயரத்துக்குத் தூக்கி, காதைப் பார்த்துத் திருப்பி, இரண்டடி தூரத்தில் உட்காருங்கள். வால்யூம் தன்னால் குறையும்.

மரப்பெட்டி:

அண்ணா சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். அதோடு ஹை பாஸ் ஃபில்டர், அதாவது ஒரு அளவுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுவது. ஹெட்டில் இருந்தால் 70, 80 ஹெர்ட்ஸ் வரை ஏற்றிப் பாருங்கள். ஈ கம்பியின் 82-ம் ஏ கம்பியின் 110-ம் உங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும், எந்த நோட்டு என்று மனசு கண்டுபிடித்துவிடும். பெட்டிக்குக் கீழே போடும் ஸ்பாஞ்ச் பலகையை மட்டும் பெரிதாக நம்பாதீர்கள். தரை அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும், காற்றில் போகிற பேஸை அது தடுக்காது.

நாலுகம்பி:

நேற்று கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். மாமி உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும், "நீதானாப்பா அது, நாங்க மோட்டார்னு நெனச்சோம்" என்றார். மேலே தம்பியை ஓப்பன் ஏயை நான்கு நான்காக அடிக்கச் சொல்லிவிட்டுக் கூடத்தில் நின்றேன். 12 இன்ச் பெட்டி தரையில் இருந்தபோது ஷோகேஸ் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. கையை வைத்தால் விரல் நுனியில் தெரிந்தது. தம்பிக்குப் போன் போட்டு, பெட்டியை ஸ்டூலில் ஏற்றி ஃபில்டரை 80-க்குக் கொண்டுபோகச் சொன்னேன். கண்ணாடி நின்றது. கூர்ந்து கேட்டால்தான் காதில் விழுந்தது. மாமா, "இது பரவாயில்லை, ஒன்பதேகாலுக்கு நாங்க படுத்துடுவோம்" என்றார்.

அதனால் இரண்டு 8 இன்ச் போட்ட பெட்டியை எடுத்துவிட்டேன், 8 ஓம். எனக்கு வேண்டாத ஆழம் அதில் இயல்பாகவே குறைவு, ஸ்டூலிலும் உட்காரும். ஒன்பதேகால் வரை பெட்டி, அதற்குப் பிறகு ஹெட்போன்.

ராத்திரிப்பயிற்சி:

அந்த முக்கால் மணி நேரத்துக்காக ஒரு பெட்டியின் விலை! அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஆசிரியரிடம் சில மாதம் கற்றிருக்கலாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் கீழே போய்க் கேட்டுவிட்டு வந்தீர்களே, அதற்காக மகிழ்ச்சி.

மரப்பெட்டி:

அந்த முக்கால் மணி நேரம்தான் முக்கியம். அதில் கம்பியை அமர்த்துவதை மட்டும் பயிற்சி செய்யுங்கள், மற்றதை ஹெட்போனில் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) குமிழ் இருந்தால் முழுவதும் இறக்கிவிடுங்கள், இரண்டடி தூரத்தில் அதன் இரைச்சல் உறுத்தும்.

நாலுகம்பி:

ஒரே ஒரு சந்தேகம். ஹெட்டிலிருந்து பெட்டிக்கு என்னிடம் இருக்கும் கிட்டார் கேபிளையே போடலாமா? முனை இரண்டிலும் பொருந்துகிறது.

மரப்பெட்டி:

வேண்டவே வேண்டாம். கிட்டார் கேபிளுக்குள் இருப்பது மெல்லிய கம்பி, அதைச் சுற்றி ஷீல்டு. பவர் ஏறினால் சூடாகும், சில நேரம் உருகி ஷார்ட் ஆகும். பல கிளாஸ் டி ஹெட்களில் ஸ்பீக்கர் அவுட்புட்டின் இரண்டு முனையிலுமே சிக்னல் ஓடும், முனை எங்காவது இரும்பில் பட்டாலே ஆபத்து. ஸ்பீக்கான் (ஸ்பீக்கருக்கென்றே உள்ள பூட்டும் இணைப்பு) சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டு பக்கமும் ஸ்பீக்கான் போட்ட ஸ்பீக்கர் கேபிள், ஒரு மீட்டர் நீளம் போதும். ரிச்சி தெருவில் கேட்டால் அங்கேயே பற்றவைத்துக் கொடுப்பார்கள். ஹெட்டை அணைத்துவிட்டுத்தான் சொருக வேண்டும்.